தோற்பவருக்கும் வேண்டும் சமமான களம்

அகில இந்திய காங்கிரஸ் கட்சியின் தலைவர் பதவிக்கு 2022 அக்டோபர் 17-ஆம் தேதி நடைபெற்ற தேர்தலில் மல்லிகார்ஜுன கார்கே 7,897 வாக்குகள் பெற்று வெற்றி பெற்றார். அவரை எதிர்த்துப் போட்டியிட்ட சசி தரூருக்கு 1,072 வாக்குகள் கிடைத்தன. 416 வாக்குகள் செல்லாதவையாயின. இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அக்கட்சியின் தலைமைப் பதவிக்கு வாக்குச் சீட்டு அச்சிடப்பட்டதும், இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நேரு குடும்பத்தைச் சேராத ஒருவர் அந்தப் பதவியில் அமர்ந்ததும் வரவேற்கத்தக்க நிகழ்வுகளே. தேர்தல் முடிவும் எவருக்கும் வியப்பளிக்கவில்லை. ஆனால், அந்தத் தேர்தல் எழுப்பிய கேள்விக்கு மட்டும் இன்றளவும் எந்தக் கட்சியும் நேரடியாக விடை கூறவில்லை. தலைமையின் ஆசி பெறாத ஒருவர் தனது சொந்தக் கட்சிக்குள் போட்டியிட முன்வந்தால், அவருக்கு நியாயமான வாய்ப்பு வழங்கப்படுகிறதா என்பதே அந்தக் கேள்வி.

சசி தரூர் எல்லா வகையிலும் வெளியாள்தான். ஐக்கிய நாடுகள் சபையில் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, 2009-இல்தான் காங்கிரஸில் சேர்ந்து திருவனந்தபுரம் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். கட்சியில் சீர்திருத்தம் கோரி 2020-இல் சோனியா காந்திக்குக் கடிதம் எழுதிய 23 தலைவர்களுள் ஒருவர். மாறாக, கார்கே 1969-இல் குல்பர்கா நகர காங்கிரஸ் தலைவராகப் பொறுப்பேற்று, 1972 முதல் ஒன்பது முறை கர்நாடக சட்டப்பேரவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, படிப்படியாக உயர்ந்தவர். இந்த இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், கட்சியின் மாநிலப் பிரதிநிதிகள் கார்கேயைத்தான் தேர்ந்தெடுத்திருப்பார்கள். களம் எவ்வளவு சமமாக இருந்திருந்தாலும் முடிவு மாறியிருக்க வாய்ப்பில்லை. அப்படியிருக்க, வெற்றி உறுதியாகத் தெரிந்த ஒரு போட்டியில் எதிர்ப்பவருக்கு உரியதை முழுமையாகக் கொடுப்பதில் கட்சி ஏன் தயங்கியது என்பதுதான் சிந்திக்கத்தக்கது.

சிக்கல் வாக்காளர் பட்டியலில் தொடங்கியது. மாநில காங்கிரஸ் கமிட்டிகளின் பிரதிநிதிகள் 9,900-க்கும் மேற்பட்டோர்தான் இத்தேர்தலின் வாக்காளர்கள். தலைவர் பதவிக்கு ஒருவரை முன்மொழிய அவர்களுள் பத்துப் பேரின் கையொப்பம் வேண்டும். முன்மொழிபவர் பட்டியலில் இல்லாதவர் என்றால் மனு தள்ளுபடியாகும். அப்படியானால், யார் வாக்காளர் என்பது போட்டியிட நினைப்பவருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டாமா? பட்டியலை வெளியிட வேண்டும் என்று மணீஷ் திவாரி, சசி தரூர், கார்த்தி சிதம்பரம், பிரத்யுத் போர்டோலாய், அப்துல் காலிக் ஆகிய ஐந்து மக்களவை உறுப்பினர்கள் 2022 செப்டம்பரில் கடிதம் எழுதினர். ஒவ்வொரு மாநிலத்தின் பட்டியலையும் அந்தந்த மாநில அலுவலகத்தில் பார்த்துக்கொள்ளலாம், மனு தாக்கல் செய்பவருக்கு முழுப் பட்டியல் தரப்படும் என்பதே அதுவரை கட்சி அளித்துவந்த பதில். கடிதத்துக்குப் பிறகுதான், தில்லித் தலைமை அலுவலகத்தில் செப்டம்பர் 20 முதல் அதைப் பார்வையிடலாம் என உள்கட்சித் தேர்தல் ஆணையத்தின் தலைவர் மதுசூதன் மிஸ்திரி இறங்கிவந்தார்.

பட்டியல் கிடைத்த பிறகும் குறை தீரவில்லை. ஏராளமான பிரதிநிதிகளின் தொலைபேசி எண்களோ முகவரிகளோ அதில் இல்லை என்று தரூர் தரப்பு முறையிட்டது. மாநிலத் தலைமைகளின் துணை இருப்பவருக்கு அந்த விவரங்கள் தேவையே இல்லை. பிரதிநிதிகள் தாங்களாகவே அவரைத் தேடி வருவார்கள். துணை இல்லாதவருக்கோ பட்டியல் ஒன்றே துணை. ஒரே பட்டியல் இருவருக்கும் தரப்பட்டது என்பதாலேயே அது சமநீதி ஆகிவிடாது.

இதில் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. பட்டியலை வெளியிடக் கோரியவர்களுள் முன்னணியில் நின்ற மணீஷ் திவாரி, மனு தாக்கலின்போது கார்கேயை முன்மொழிந்தவர்களுள் ஒருவராகக் கையொப்பமிட்டார். வெளிப்படையான பட்டியல் என்பது ஒரு வேட்பாளரின் சொந்த நலன் சார்ந்த கோரிக்கையல்ல, கட்சியின் நலன் சார்ந்தது என்பதற்கு இதைவிடச் சான்று தேவையில்லை.

பிரசாரத்திலும் இதே நிலைதான். கட்சிப் பொறுப்பில் இருப்பவர்கள் எந்த வேட்பாளருக்கும் ஆதரவாகப் பிரசாரம் செய்யக்கூடாது, விரும்பினால் பதவி விலகிவிட்டுச் செய்யலாம் என்று உள்கட்சித் தேர்தல் ஆணையம் விதி வகுத்தது. மாநிலத் தலைவர்கள் வேட்பாளர்களுக்குக் கூட்ட அரங்கும் நாற்காலியும் ஒலிபெருக்கியும் ஏற்பாடு செய்து தரலாம், தாங்களே கூட்டம் கூட்டக்கூடாது என்றும் சொன்னது. தீபேந்தர் ஹூடா, சையது நசீர் உசேன், கௌரவ் வல்லப் ஆகியோர் செய்தித் தொடர்பாளர் பதவியைத் துறந்துவிட்டுத்தான் கார்கேவுக்காகக் களமிறங்கினர். விதி நல்ல விதிதான். ஆனால், கார்கே சென்ற மாநிலங்களில் மாநிலத் தலைவர்களே திரண்டு வந்து வரவேற்றார்கள். தரூர் சென்ற இடங்களில் அவர்களைக் காணவில்லை. களம் சமமாக இல்லை என்று தரூர் வாக்குப்பதிவுக்குச் சில நாள்களுக்கு முன்பு வெளிப்படையாகவே கூறினார். தாங்கள் நடுநிலை வகிப்பதாக சோனியா காந்தி அறிவித்தபோதிலும், தலைமையின் விருப்பம் இன்னதென்று ஊகித்து நடப்பதில் தேர்ந்த மாநிலத் தலைவர்களுக்கு அந்த அறிவிப்பு எட்டியதாகத் தெரியவில்லை.

வாக்குச் சீட்டில் விருப்பமான வேட்பாளரின் பெயருக்கு எதிரே '1' என்று எழுத வேண்டும் என்பது முதலில் வெளியான அறிவுரை. வேட்பாளர் வரிசையில் கார்கேயின் எண்ணும் 1. இது குழப்பத்துக்கு இடமளிக்கும் என்று தரூர் தரப்பு ஆட்சேபித்ததும், 'டிக்' குறி இட்டால் போதும் என மாற்றப்பட்டது. எந்த மாநிலத்தில் யாருக்கு எத்தனை வாக்கு என்பது தெரியாதபடி, எல்லா மாநில வாக்குச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலந்து எண்ணியதும் பாராட்டத்தக்கது. எதிர்த்து வாக்களித்தவர்கள் பழிவாங்கப்படாமல் இருக்க அது அவசியமான பாதுகாப்பு. ஆனால், உத்தரப் பிரதேசத்தில் வாக்குப் பெட்டிகளின் முத்திரை முறையாக இல்லை, வாக்குச்சாவடிகளில் தொடர்பற்றவர்கள் இருந்தனர் என்று தரூரின் தேர்தல் முகவர் சல்மான் சோஸ் எழுத்துமூலம் அளித்த புகார் ஊடகங்களில் வெளியானபோது, புகாரைவிட அது வெளியில் சென்றதே பெரிய குற்றம்போலப் பேசப்பட்டது. நடுவர் சினம் கொள்ளும் இடத்தில் நீதி நிலைப்பதில்லை.

மறுதரப்பு வாதத்தையும் கேட்க வேண்டும். வெளியிலிருந்து வந்து, செல்வத்தாலோ புகழாலோ ஆங்கிலப் புலமையாலோ ஒரே நாளில் உச்சிக்குச் செல்ல முயல்பவர்களை அடிமட்டத் தொண்டன் ஐயத்துடன் பார்ப்பதில் தவறில்லை. சுவரொட்டி ஒட்டியவனும் சிறை சென்றவனும் காத்திருக்க, நேற்று வந்தவருக்கு வாய்ப்பு என்றால் அவன் மனம் கசக்காதா? ஆகவே, கட்சிக்காக உழைத்தவருக்கு முன்னுரிமை என்பது நியாயமான அளவுகோல்தான். ஆனால், அந்த அளவுகோலைக் கையிலெடுத்து முடிவு செய்ய வேண்டியவர் வாக்களிக்கும் பிரதிநிதி; தேர்தலை நடத்துபவர் அல்ல. தொண்டனின் உழைப்புக்கு மதிப்பளிக்காமல் தலைவரின் மகனையும் மருமகனையும் வேட்பாளராக்கும் கட்சிகளில், வெளியாள் என்ற சொல் போட்டியாளரைத் தடுக்க மட்டுமே பயன்படுகிறது என்பதையும் மறுப்பதற்கில்லை.

காங்கிரஸின் வரலாறே இதற்குப் பாடம் சொல்கிறது. 1939-இல் சுபாஷ் சந்திர போஸ் 1,580 வாக்குகள் பெற்று, காந்தியடிகளின் ஆதரவு பெற்ற பட்டாபி சீதாராமையாவை (1,377) வென்றார். ஆனால், மூத்த தலைவர்களின் ஒத்துழைப்பு கிட்டாமல் அதே ஆண்டு ஏப்ரலில் பதவி விலகினார். 1950-இல் ஆச்சார்ய கிருபளானியை 1,306-க்கு 1,092 என்ற கணக்கில் வென்ற புருஷோத்தம்தாஸ் டாண்டன், நேருவுடன் ஏற்பட்ட மோதலால் மறு ஆண்டே விலக நேர்ந்தது. 1997-இல் சரத் பவாரையும் (882) ராஜேஷ் பைலட்டையும் (354) 6,224 வாக்குகள் பெற்று வீழ்த்திய சீதாராம் கேசரியை, 1998 மார்ச்சில் காரியக் கமிட்டி ஒரு தீர்மானத்தால் அகற்றியது. 2000-இல் சோனியா காந்தியை எதிர்த்த ஜிதேந்திர பிரசாதாவுக்குக் கிடைத்தவை 94 வாக்குகள், சோனியாவுக்கு 7,448. போட்டியிடுவதற்கே துணிவு வேண்டும் என்பதும், வென்ற பிறகும் உள்வட்டத்தின் தயவு வேண்டும் என்பதுமே இந்த எண்கள் சொல்லும் செய்தி.

காரியக் கமிட்டி விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். 1992-இல் திருப்பதி மாநாட்டில் முறைப்படி தேர்தல் நடத்தப்பட்டது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோரில் எவரும் வெற்றி பெறவில்லை என்ற காரணம் காட்டி, வென்றவர்கள் அனைவரையும் பதவி விலகச் செய்தார் பி.வி. நரசிம்ம ராவ். கடைசியாக அக்கமிட்டிக்குத் தேர்தல் நடந்தது 1997-இல், கொல்கத்தாவில். தேர்தல் மூலம் தலைவரான கார்கேயின் காலத்திலேயே, 2023 பிப்ரவரியில் ராய்ப்பூரில் கூடிய வழிகாட்டுக் குழு, கமிட்டிக்குத் தேர்தல் வேண்டாம், உறுப்பினர்களை நியமிக்கும் அதிகாரத்தைத் தலைவருக்கே அளிப்போம் என்று முடிவு செய்தது. தலைவர் தேர்தலுக்குப் பின் அமைக்கப்பட்ட 47 பேர் கொண்ட அந்த வழிகாட்டுக் குழுவில் தரூருக்கு இடமில்லை. 2023 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட காரியக் கமிட்டியில்தான் அவர் இடம்பெற்றார். அதுவும் நியமனத்தால் கிடைத்ததே தவிர, வாக்கால் கிடைத்தது அல்ல.

காங்கிரஸை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. வாக்குச் சீட்டு அச்சிட்டதால்தான் அதன் குறைகள் வெளியே தெரிந்தன. 1980-இல் தோன்றிய பாரதிய ஜனதா கட்சியில் தேசியத் தலைவர் பதவிக்கு இதுவரை ஒருமுறைகூட வாக்குப்பதிவு நடந்ததில்லை. அனைவரும் ஒருமனதாகத் தேர்வானவர்களே. போட்டியே இல்லாத இடத்தில் வெளியாளுக்கு அநீதி நடந்ததா என்று ஆராயவும் வழியில்லை. வெளியாள்களின் கட்சியாகவே 2012-இல் பிறந்த ஆம் ஆத்மி கட்சி, 2015 மார்ச்சில் யோகேந்திர யாதவையும் பிரசாந்த் பூஷணையும் தேசியச் செயற்குழுவிலிருந்து நீக்கியது. கட்சியின் உள் லோக்பாலாக இருந்த கடற்படை முன்னாள் தலைமைத் தளபதி எல். ராமதாஸும் அத்துடன் மாற்றப்பட்டார். ஆட்டக்காரர்களோடு நடுவரும் வெளியேற்றப்பட்ட விந்தை அது. மார்க்சிஸ்ட் கட்சியில் 2025 ஏப்ரலில் மதுரை மாநாட்டின்போது, தலைமை முன்வைத்த மத்தியக் குழுப் பட்டியலை எதிர்த்து மகாராஷ்டிரத்தின் டி.எல். கராட் போட்டியிட்டார். அவருக்கு 31 வாக்குகளே கிடைத்தன. எனினும், வாக்கெடுப்பு நடந்தது.

இவற்றையெல்லாம் தட்டிக்கேட்கச் சட்டத்தில் இடமில்லை என்பதே வேதனை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவு, பதிவு கோரும் கட்சி ஜனநாயகத்தில் பற்றுறுதி கொண்டிருக்க வேண்டும் என்கிறது. ஆனால், அதை மீறும் கட்சியின் பதிவை ரத்து செய்யும் பொதுவான அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்தது. உள்கட்சித் தேர்தல்களை ரகசிய வாக்கெடுப்பில் நடத்துவதைச் சட்டபூர்வமாக்க வேண்டும் என்ற சட்ட ஆணையத்தின் 170-ஆவது அறிக்கை 1999-இலிருந்து அப்படியே கிடக்கிறது. ஒருவரையே நிரந்தரத் தலைவராக்குவது ஜனநாயக விரோதம் என்று ஒய்.எஸ்.ஆர். காங்கிரஸ் விவகாரத்தில் 2022-இல் ஆணையம் சொன்னது உண்மை. அதைத் தாண்டி அதன் கை நீளவில்லை.

கட்சித் தேர்தல் கட்சியின் சொந்த விவகாரம் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி, கொறடாவின் ஆணையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவியையே இழக்க நேரிடும். கட்சி சொல்வதைத்தான் மக்கள் பிரதிநிதி அவையில் செய்ய முடியும் என்றால், கட்சி என்றால் யார் என்று கேட்கும் உரிமை வாக்களித்த குடிமகனுக்கு உண்டு. அந்தக் கட்சிக்குள் மாற்றுக் கருத்து சொல்பவருக்கு இடமில்லை என்றால், அவைக்குள்ளும் இடமில்லை.

செய்ய வேண்டியவை பெரிய காரியங்கள் அல்ல. மனு தாக்கலுக்கு ஒரு மாதம் முன்பே தொடர்பு விவரங்களுடன் வாக்காளர் பட்டியல் உறுப்பினர்களுக்குக் கிடைக்க வேண்டும். தேர்தலை நடத்துபவர் தலைமையால் எந்நேரமும் நீக்கப்படக்கூடியவராக இருக்கக்கூடாது. இளைஞர் காங்கிரஸின் தேர்தல்களை முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் ஜே.எம். லிங்டோ தலைமையிலான அமைப்பின் மேற்பார்வையில் நடத்திக் காட்டிய அனுபவம் காங்கிரஸுக்கே உண்டு. புகார்களுக்கு எழுத்துமூலமான பதில் குறித்த நாளுக்குள் தரப்பட வேண்டும். கணிசமான வாக்குகள் பெற்றுத் தோற்றவருக்கு நிர்வாகத்தில் இடம் அளிப்பது தயவாக இல்லாமல் விதியாக வேண்டும்.

தேர்தல் ஆணையம் வாக்காளர் பட்டியலைக் கணினியில் ஆராயத்தக்க வடிவில் வெளியிட வேண்டும் என்று காங்கிரஸ் 2025-இல் நாடு முழுவதும் குரல் எழுப்பியது. நியாயமான கோரிக்கை. அதே கட்சியின் ஐந்து மக்களவை உறுப்பினர்கள், வெறும் பத்தாயிரம் பெயர்கள்கூட இல்லாத ஒரு பட்டியலுக்காக மூன்று ஆண்டுகளுக்கு முன்பு கடிதம் எழுத வேண்டியிருந்தது. தனது உறுப்பினருக்குக் காட்டத் தயங்கிய வெளிப்படைத் தன்மையை நாட்டிடம் கேட்கும்போது, எந்தக் கட்சியின் குரலும் பாதியாகத்தான் ஒலிக்கும். வெளியாளைத் தோற்கடிக்கும் உரிமை கட்சிக்கு உண்டு. அவரை நியாயமாகத் தோற்கடிக்க வேண்டிய கடமையும் உண்டு.