பொன்முலாம் பூசிய வடம்

சிம்மக்கல்லில் வாழும் எம் பெரியப்பா, நூலாலையொன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். 2025-ஆம் ஆண்டு புரட்டாசித் திங்களின் கடைசியில் அவர் 55 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும், அதனோடு சவுண்ட்பார் எனப்படும் நீண்ட ஒலிப்பெட்டி ஒன்றும் வாங்கினார். அவ்வாண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் முதல் 32 அங்குலத்தினும் பெரிய பெட்டிகளுக்குச் சரக்கு சேவை வரி நூற்றுக்கு 28-லிருந்து 18-ஆகக் குறைக்கப்பெற்றது. தீபாவளித் தள்ளுபடியும் அதனோடு கூடிற்று. தீபாவளி கொண்டாடாத எம்மனோர் இல்லங்களும் அத்தள்ளுபடியை மட்டும் கைவிடுவதில்லை யென்பது அன்பர்கள் அறிந்ததே.

டவுன் ஹால் ரோட்டிற்கு யாமும் உடன் சென்றிருந்தோம். விலை பேசி முடிந்து, பெட்டியை வண்டியில் ஏற்றும் வேளையில், விற்பனையாளர் ஒருவர் நகைப்பேழை போன்றதோர் அட்டைப்பெட்டியை மேசைமீது வைத்துத் திறந்தார். உள்ளே கட்டைவிரற் கனமுள்ள வடம் ஒன்று. நெய்த உறை போர்த்தது. இருமுனையும் பொன்னிறமாய் மின்னிற்று. “ஐயா, நாற்பத்தைந்தாயிரம் போட்டுப் பெட்டி வாங்குகிறீர்கள். இருநூறு ரூபாய்க் கேபிளைச் சொருகினால் படம் எங்கிருந்து தெளியும்?” என்றார் அவர். வடத்தின் நீளம் ஆறடி. விலை 4,800 ரூபாய். பெரியப்பா எம்மை நோக்கினார். கல்லூரியிற் பயிலும் பிள்ளை ஏதேனும் சொல்லும் என்று எதிர்பார்த்தார் போலும். யாம் தமிழ் பயில்வோரேயன்றி மின்னியல் பயில்வோர் அல்லேம், வாய் திறந்திலேம். அவர்தம் ஒரு திங்கள் ஓய்வூதியத்தினும் மிக்க தொகை அன்று அவ்வடத்திற்காகக் கைம்மாறிற்று.

அன்று வாளாவிருந்தமை எம் நெஞ்சை உறுத்திக்கொண்டே யிருந்தது. இயற்பியல் பயிலும் நண்பரை வினவியும், ஆல்பர்ட் விக்டர் பாலத்தைக் கடந்து சிம்மக்கல் மைய நூலகத்திற்குச் சென்று படித்தும் இதுபற்றி யாம் தெளிந்தவற்றை ஈண்டு எழுதலாயினோம். இல்லத் திரையரங்கிற்கு விலையுயர்ந்த எச்.டி.எம்.ஐ. வடம் வேண்டற்பாலதோ எனின், அன்று என்பதே எம் துணிபு. ஆயினும் இவ்விடையில் ஒரு விலக்கு உண்டு. அதனைப் பின்னர்க் கூறுதும்.

விற்பனையாளர் கூறியது முழுப்பொய் யன்று, காலங்கழிந்த மெய். 1982-இல் இலங்கையில் ரூபவாகினி ஒளிபரப்புத் தொடங்கிய பின்னர் நம் தென்மாவட்டங்களில் மொட்டைமாடிகளில் உயர்ந்த ஆன்டெனாக் கம்பங்கள் எழுந்தன. ஒருவர் மேலேறிக் கம்பத்தைத் திருப்ப, மற்றொருவர் கீழிருந்து, “இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்” என்று கூவிய கதையைப் பெரியப்பா இன்றும் சொல்வார். அக்காலத்து முறையில் காட்சியின் ஒளி ஏறியிறங்குமாறு மின்னலையும் ஏறியிறங்கும். ஆதலின் வழியில் நேரும் சிறு இழப்பும் திரையில் அப்படியே தோன்றும். உருவங்களுக்கு நிழல் படியும், வண்ணம் வெளிறும், புள்ளிமழை பெய்யும். பின்வந்த மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைக் கம்பிகளும் அம்முறையினவே. 2006 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் குறுவட்டுப் படம் பார்த்தோர் அம்மூவண்ணக் கம்பியை மறந்திரார். நல்ல கம்பி நல்ல படம் என்பது அக்காலத்தார் கண்கூடாகக் கண்ட உண்மை. அவ்வனுபவமே இன்று வணிகர்க்கு முதலாகின்றது.

எச்.டி.எம்.ஐ. என்பது 2002-ஆம் ஆண்டின் இறுதியில் ஹிட்டாச்சி, பானசோனிக், பிலிப்ஸ், சோனி, தோஷிபா முதலிய நிறுவனங்கள் கூடி வகுத்த இணைப்புமுறை. இதன்வழிச் செல்வது படமன்று, எண்கள். ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாக்கப்பெற்று, அவ்வெண்ணும் சுழி, ஒன்று என்னும் இரண்டே குறிகளாற் குறிக்கப்பெறுகின்றது.

நாம் ஏட்டுச்சுவடியைப்பற்றிக் கற்போர் ஆதலின் இதனைச் சுவடியின்வழி விளங்கிக்கொள்ளுதல் எளிது. பழஞ்சுவடியில் மெய்யெழுத்திற்குப் புள்ளி இடுவதில்லை. காலும் ரகரமும் ஒருவடிவாகவே நிற்கும். ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும் வேறுபடா. ஏடு சிறிது தேய்ந்தாலும் ஐயம் பிறக்கும். ஒருவர் எழுதியதைப் பார்த்து மற்றொருவர் எழுதுந்தோறும் பிழை பெருகும். உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை அச்சேற்றுமுன் பல சுவடிகளை ஒப்புநோக்கி அல்லலுற்றது இதனாலன்றோ? இனி, நெடுங்கணக்கில் இரண்டே எழுத்துக்கள் உள்ள மொழி ஒன்றைக் கருதுக. ஒன்று கோடு, மற்றொன்று வட்டம். ஏடு பாதி அரிக்கப்பட்டாலும், கோட்டை வட்டமென்று மயங்குவார் யார்? படிப்பவர் அவ்வெழுத்தை ஐயமின்றி உணர்ந்து புதிதாய் எழுதிவிடுவார். முதற்சுவடிக்கும் பத்தாம் படிக்கும் எழுத்தளவும் வேற்றுமை யிராது. எச்.டி.எம்.ஐ. வடத்தின் மறுமுனையில் தொலைக்காட்சிப் பெட்டி செய்வதும் இதுவே. அலை சற்றுத் தேய்ந்து வந்தாலும், இது சுழி, இது ஒன்று என்று அறுதியிட்டபின் அத்தேய்வு ஒழிந்துபோம்.

மேலும் ஒவ்வொரு செய்தியும் ஒற்றைக்கம்பியிற் செல்வதில்லை; ஒன்றையொன்று முறுக்கிய இரு கம்பிகளில், ஒன்றில் நேராகவும் மற்றொன்றில் எதிராகவும் செல்கின்றது. புறத்தேயிருந்து வரும் மின்னிரைச்சல் இரண்டினையும் ஏறக்குறைய ஒருசேரத் தாக்கும். பெட்டியோ இரண்டின் வேறுபாட்டை மட்டும் அளக்குமாதலின் இரைச்சல் பெரிதும் கழிந்துவிடும். மலிவு வடத்திலும் இவ்வமைப்பு உண்டு.

எனவே, “கறுப்பு இன்னும் கறுக்கும், முகநிறம் இன்னும் கனியும்” என்று கூறுவார் கூற்று எவ்வாற்றானும் பொருந்தாது. கறுப்பு மேலும் கறுக்க வேண்டுமாயின் இலட்சக்கணக்கான எண்கள் யாவும் ஒரே முறையில், ஒரே அளவில் மாறவேண்டும். தேய்ந்த ஏடு வெண்பாவைச் சிதைக்கலாம். சிறந்த வெண்பாவாக்க வல்லதோ? எண்முறையில் வடம் தவறினால் தவறு மறைவாக நேர்வதில்லை. திரையில் வெண்புள்ளிகள் மின்மினிபோற் பளிச்சிடும். படம் விட்டுவிட்டு அணையும். அல்லது படமே வாராது. இவற்றுள் ஒன்றும் இன்றேல் அவ்வடம் தன் கடமையைச் செய்துவிட்டதென்றே கொள்க. அதற்குமேற் செய்தற்கு அதற்கு யாதும் இல்லை.

வடத்திற்குக் கடமையின் அளவு மட்டும் வேறுபடும். 4கே எனப்படும் படத்தில் 3,840-ஐ 2,160-ஆற் பெருக்க வரும் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உள. அது நொடிக்கு 60 முறை மாறுமாயின் வடத்தின்வழி நொடிக்கு ஏறக்குறைய 1,782 கோடிக் குறிகள் ஓடவேண்டும். திரைப்படங்கள் பெரும்பாலும் நொடிக்கு 24 படங்களே யாதலின் அதற்கு 891 கோடி போதும். முழு எச்.டி. எனப்படுவதற்கு 60 முறைக்கும் 445 கோடியே. ‘ஹை ஸ்பீட்’ என்னும் பழைய தரத்து வடம் 1,020 கோடி தாங்கும். ‘பிரீமியம் ஹை ஸ்பீட்’ 1,800 கோடி. 2017-இல் வந்த 2.1 என்னும் பதிப்பிற்குரிய ‘அல்ட்ரா ஹை ஸ்பீட்’ 4,800 கோடி. 2025-இல் வெளிவந்த 2.2 என்னும் பதிப்பு 9,600 கோடி வரை செல்கின்றது. நம் இல்லங்களில் அதற்கு இப்போது வேலையில்லை. வாங்குவோர் நோக்கவேண்டுவது இத்தரப்பெயரும், பின்னிரண்டு தரங்களுக்கு உறைமீது ஒட்டப்பெறும் சான்றுச்சீட்டுமே. அச்சீட்டைக் கைப்பேசியால் வருடிப் போலியோ மெய்யோ எனச் சரிபார்க்கலாம். பொன்னை உரைகல்லில் உரைத்தன்றி வாங்காத நம் மதுரை மக்கள், பொன்முலாம் பூசிய வடத்தை மட்டும் உரைத்துப் பாராமல் வாங்குவது வியப்பே. சான்றுபெற்ற ஆறடி வடம் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றது.

பொன்முலாம்பற்றி ஒரு சொல். பொன் துருவேறாது, ஆதலின் தூத்துக்குடி, இராமேசுவரம் போன்ற உப்புக்காற்று வீசும் ஊர்களில் அதனாற் பயனுண்டு. ஆனால் மலிவு வடங்களின் முனைகளிலும் மெல்லிய பொற்பூச்சு இருத்தல் இயல்பே. அது முனையைக் காக்குமேயன்றிப் படத்தை மெருகிடாது.

இனி யாம் முன்னர்க் கூறிய விலக்கு. எம் விடுதியின் பொதுவறையில் ஒளிவீழ்த்தி ஒன்று மேற்கூரையில் தொங்குகின்றது. கணினியிலிருந்து சுவர்வழியே அதனை எட்ட 15 மீட்டர் வடம் வேண்டியிருந்தது. மாணவர் கூடித் திரட்டிய பணத்தில் இயன்றவரை மலிவாக, நூல்போல் மெலிந்த செம்புவடம் ஒன்றை வாங்கினோம். உலகக்கோப்பைக் கிரிக்கெட் ஆட்டத்தின் கடைசி ஓவர்களில் அது மும்முறை அணைந்தது. அவ்விரவு விடுதியில் எழுந்த கூச்சலை ஈண்டு எழுதுதல் தகாது. வேகமிக்க அலை செம்பில் தொலைவு செல்லச்செல்ல விரைந்து நலியும். கோடும் வட்டமும் தெரியாதவாறு ஏடு அரிக்கப்படும் எல்லை ஒன்று உண்டு. 15 மீட்டரில் அம்மெல்லிய வடம் அவ்வெல்லையைக் கடந்துவிட்டது. 4,800 கோடி தாங்கும் தரத்திலோ செம்பு நான்கைந்து மீட்டருக்கு மேற்செல்லுதல் அரிது. பின்னர் மின்குறியை ஒளியாக்கிக் கண்ணாடியிழையில் அனுப்பும் வடம் வாங்கினோம். அது விலைமிக்கதே, ஆயினும் அவ்விலை தொலைவுக்குக் கொடுத்த கூலி, பொலிவுக்கன்று. அவ்வகை வடத்திற்குத் தலைவால் உண்டென்பதை அறியாது, தலைகீழாகச் சொருகிவிட்டு ஒருநாள் முழுதும் விழித்ததும் நாங்களே.

புதுவீடு கட்டுவோர் சுவருக்குள் வடம் பதிக்குங்காலும் உயர்தரத்தையே நாடுக. சுவரை உடைத்து மாற்றும் செலவு வடத்தின் விலையினும் பெரிது. குழாய் பதித்து அதனூடே வடத்தை இழுத்தல் இன்னும் நன்று.

எம் பெரியப்பா இல்லத்தில் நிலை வேறு. அவர் பார்க்கும் திரைப்படங்களிற் பல, பெட்டிக்குள்ளேயே அமைந்த செயலிகளின்வழி இணையத்திலிருந்து நேரே வருகின்றன. அப்போது படம் அப்பொன்வடத்தைத் தொடுவதே யில்லை! வடம் சுமப்பது செட்டாப் பெட்டியின் படத்தை. அதுவோ முழு எச்.டி. அளவைத் தாண்டுவதில்லை. 1,800 கோடி தாங்கும் தோளில் அதில் காற்பங்குச் சுமைகூட இல்லை.

அவ்வீட்டில் மெய்யாகவே படத்தைக் கெடுத்தவை இரண்டு. ஒன்று, திரைக்கு எதிரே இருந்த மேற்குச் சன்னல். மாலையில் வெயில் முழுதும் கண்ணாடித்திரையில் விழும். மற்றொன்று, பெட்டியைக் கடையில் வைத்திருந்தபடியே விட்டிருந்த ‘விவிட்’ என்னும் அமைப்பு; கடைவிளக்கின்கீழ்க் கண்ணைப் பறித்தற்கென வகுத்த அது, வீட்டில் எல்லார் முகத்தையும் மஞ்சள் பூசிக் குளித்தாற்போற் காட்டிற்று. சன்னலுக்குத் தடித்த திரைச்சீலையொன்று தைக்கக் கூலியுடன் 900 ரூபாய் ஆயிற்று. ‘சினிமா’ என்னும் அமைப்பிற்கு மாற்றச் செலவே யில்லை. ஒலிப்பெட்டியையும் அலமாரிக்குள்ளிருந்து வெளியே எடுத்து வைத்தோம்; உரையாடல் தெளிவாயிற்று.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் யாம் 350 ரூபாய்க்குச் சான்றுச்சீட்டுடன் கூடிய வடம் ஒன்றை வாங்கிக்கொண்டு பெரியப்பா இல்லம் சென்றோம். தேர்வு ஒன்று நடத்துவோம் என்று கூறி, அவரைத் திரும்பியிருக்கச் செய்து, பத்துமுறை வடங்களை மாற்றியும் மாற்றாதும் சொருகினோம். ஒவ்வொரு முறையும் அவர் திரும்பி ஒரே செய்தியலைவரிசையை உற்றுநோக்கி, இது பொன்வடம், இது மலிவுவடம் என்று தீர்ப்பளித்தார். பத்தில் ஐந்து சரி, ஐந்து தவறு. காசு சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவே தேறும். மூன்று முறை யாம் வடத்தைத் தொடவே யில்லை, அம்மூன்றில் ஒருமுறை, “இப்போது பார் தம்பி, என்ன தெளிவு!” என்றார். உண்மையைச் சொன்னபோது சற்றுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “கடைக்காரர் பொய் சொல்லியிருக்க மாட்டார், என் கண்ணுக்குத்தான் வயதாகிவிட்டது” என்றார். யாம் அதற்கு மறுமொழி கூறவில்லை. நாற்பதாண்டு இழையின் தரத்தை விரலால் தொட்டே சொன்னவர் அவர்.

மறுநாள் வடத்தைக் கடைக்குக் கொண்டுசென்றோம். பிரித்த பொருளைத் திரும்பப் பெறுவதில்லை என்று பட்டியலின் பின்புறம் அச்சிட்டிருப்பதைக் காட்டினர். பொன்வடம் இன்று செட்டாப் பெட்டிக்கும் தொலைக்காட்சிப் பெட்டிக்கும் இடையே தன் வேலையைக் குறைவறச் செய்துகொண்டிருக்கின்றது. 350 ரூபாய் வடம் எம் விடுதியறைக் கணினியில் அதே வேலையைச் செய்கின்றது. அந்நகைப்பேழை போன்ற அட்டைப்பெட்டியில் பெரியம்மா பொத்தான்களும் நூற்கண்டுகளும் போட்டு வைத்திருக்கின்றார்.