எல்.கே.ஜி. வாசலில் நடக்கும் சட்டமீறல்

“பேச்சு வந்த பிறகு கூட்டிட்டு வாங்க.” “நடக்க ஆரம்பிக்கட்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம்.” “இங்க அதுக்கு வசதி இல்லீங்க, ஸ்பெஷல் ஸ்கூல்ல கேட்டுப் பாருங்க.” மாற்றுத்திறன் கொண்ட குழந்தையை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போகும் பெற்றோருக்குத் தமிழ்நாட்டின் தனியார் பள்ளிகள் பலவற்றில் கிடைக்கும் பதில்கள் இவை. ஒன்றுகூட எழுத்தில் வராது. விண்ணப்பப் படிவமே கொடுக்காமல் அனுப்பிவிட்டால், மறுத்ததற்குச் சாட்சியும் இருக்காது. வருடந்தோறும் சேர்க்கைக் காலத்தில் பகிரங்கமாக நடக்கும் இந்தச் சட்டமீறலை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும் அரசுத் துறைகளையும் சேர்த்தே கண்டிக்கிறோம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-இன் 16-ஆவது பிரிவு தெளிவானது. அரசு நிதி பெறும் பள்ளியானாலும், அரசு அங்கீகாரம் மட்டும் பெற்ற பள்ளியானாலும் பாகுபாடின்றிச் சேர்த்துக்கொள்ள வேண்டும். கட்டடமும் வளாகமும் அந்தக் குழந்தை புழங்கும்படி இருக்க வேண்டும். தேவைக்கேற்ற வசதிகளைச் செய்துதர வேண்டும். அந்தப் பிரிவில் வயது வரம்பு எதுவும் இல்லை. வசதி செய்துதர மறுப்பதே பாகுபாடு என்றும் அதே சட்டம் வரையறுக்கிறது. முதல்முறை மீறினால் 10,000 ரூபாய் வரை, அடுத்தடுத்த மீறல்களுக்கு 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எத்தனை பள்ளிகள் மீது இந்த அபராதத்துக்காக நடவடிக்கை எடுத்தது என்பதைப் பள்ளிக்கல்வித் துறை மக்கள் முன் வைக்கட்டும்.

சட்டங்களில் ஓட்டை இருப்பதும் உண்மை. மாற்றுத்திறன் குழந்தைகளின் இலவசக் கல்வி உரிமை 6 வயதில்தான் தொடங்குகிறது. கல்வி உரிமைச் சட்டமும் 6 முதல் 14 வயது வரைக்கானது. சிறப்பாசிரியர் நியமனம் குறித்த 2021-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகூட, பத்துக் குழந்தைகளுக்கு ஒருவர் என்ற கணக்கைத் தொடக்கப் பள்ளியிலிருந்துதான் போடுகிறது. கற்கும் திறன் மிக வேகமாக வளரும் மூன்று வயதிலும் நான்கு வயதிலும் குழந்தை யார் கணக்கிலும் இல்லை. ஆனால் 16-ஆவது பிரிவு கையில் இருக்கும்போது இந்த ஓட்டையை எந்த அதிகாரியும் சாக்காகச் சொல்ல முடியாது.

காது கேளாமல் பிறக்கும் குழந்தைகளையே எடுத்துக்கொள்வோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் காக்ளியர் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சையை அரசு பல லட்சம் ரூபாய் செலவில் செய்கிறது. மனமாரப் பாராட்ட வேண்டிய திட்டம். ஆனால் கருவி ஒலியை மட்டுமே தரும். அந்த ஒலி மொழியாக மாற, குழந்தை நாள் முழுக்கப் பேச்சுக்கு நடுவில் இருக்க வேண்டும். பொம்மைக்காகச் சண்டை போட வேண்டும், “தரமாட்டேன் போ” என்பதைக் காதால் கேட்க வேண்டும், தானும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பேச்சுப் பயிற்சியாளரின் அறையில் கிடைக்கும் ஒரு மணி நேரம் இதற்குப் போதாது. சக குழந்தைகள் வேண்டும். அந்தக் குழந்தையைப் பார்த்துத்தான் பேச்சு வந்த பிறகு வா என்கிறார்கள். அரசு ஒரு கையால் கொடுத்ததை, அதே அரசின் அங்கீகாரம் பெற்ற பள்ளி பறித்துக்கொள்கிறது.

வசதி இல்லை என்ற வாதமும் நிற்காது. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தைக்கு முதுகைத் தாங்கும் நாற்காலியும் கழிப்பறையில் பிடிமானக் கம்பியும் தேவை. ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு, அடுத்து என்ன நடக்கும் என்று காட்டும் பட அட்டைகளும், இரைச்சல் தாங்காதபோது ஒதுங்க ஓர் அமைதியான மூலையும் வேண்டும். ஆண்டு விழா மேடைக்குச் செலவழிக்கும் பள்ளிகளால் இது முடியாதா? சில பள்ளிகள் சேர்த்துக்கொள்கின்றன. ஆனால் குழந்தையின் கூடவே இருந்து உதவும் ‘ஷேடோ டீச்சர்’ சம்பளத்தைப் பெற்றோர் தலையில் கட்டுகின்றன. பள்ளியின் கடமைக்குப் பெற்றோரிடம் பணம் பிடுங்குவதை ஏற்க முடியாது.

அங்கன்வாடிகளின் நிலைமை வேறு. தமிழ்நாட்டில் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் இருக்கின்றன, எந்தக் குழந்தையையும் சட்டப்படி வெளியே நிறுத்த இடமில்லை. மாற்றுத்திறன் குழந்தைகளுக்கென ஒரு வழிகாட்டு நெறிமுறையை ஒன்றிய அரசு 2023 நவம்பரில் வெளியிட்டது. ஆனால் எடை பார்ப்பதும் செயலியில் பதிவேற்றுவதும் சத்துமாவு கொடுப்பதும் தேர்தல் பணியும் ஒரே பணியாளர் தோளில். அவரைக் குற்றம் சொல்ல நமக்கு மனமில்லை. கைகொடுக்க ஆள் அனுப்பாமல் நெறிமுறையை மட்டும் அனுப்பியவர்களே குற்றவாளிகள். சிறப்புப் பயிற்றுநர்களுக்குச் சம்பளம் தரும் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வி நிதியைக் கொள்கைப் பிணக்கைக் காட்டி 2024-25-இல் நிறுத்திவைத்த ஒன்றிய அரசுக்கும் இதில் பங்குண்டு.

பொறுப்பும் சிதறிக் கிடக்கிறது: அங்கன்வாடி சமூக நலத்துறையிடம், எல்.கே.ஜி. பள்ளிக்கல்வித் துறையிடம், ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் ஒரு பக்கம் மக்கள் நல்வாழ்வுத் துறையிடமும் மறுபக்கம் மாற்றுத்திறனாளிகள் நலத்துறையிடமும். குழந்தையோடு தாய் நான்கு அலுவலகம் ஏறி இறங்குகிறார். தென்காசி மாவட்டம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம், பயிற்சி பெற்ற களப்பணியாளர்களைக் கிராமத்து வீடுகளுக்கே அனுப்பி ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குப் பயிற்சி தருகிறது. ஒரு தொண்டு நிறுவனத்தால் முடிந்தது நான்கு துறைகளால் முடியாமல் போனதற்கு என்ன விளக்கம்?

அடுத்த சேர்க்கைக் காலத்துக்கு முன் அரசாணை வெளிவர வேண்டும். எல்.கே.ஜி. நடத்தும் ஒவ்வொரு பள்ளியும் சேர்க்கை கேட்டு வருபவர் அனைவரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சேர்க்க மறுத்தால் காரணத்தை எழுத்தில் பெற்றோரிடமும் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் தர வேண்டும். ஷேடோ டீச்சருக்கெனப் பெற்றோரிடம் வசூலிப்பது தடை செய்யப்பட வேண்டும். அங்கன்வாடிகளுக்கு முறைவைத்துச் செல்லும் சிறப்புப் பயிற்றுநர்களை நிரந்தரப் பணியிடங்களில் நியமிக்க வேண்டும். நான்கு துறைகளுக்கும் சேர்த்து மாவட்டத்துக்கு ஒரு பொறுப்பு அலுவலர் வேண்டும்; அவருடைய தொலைபேசி எண் ஒவ்வொரு பள்ளி வாசலிலும் எழுதப்பட வேண்டும். மீண்டும் மீண்டும் மறுக்கும் பள்ளியின் அங்கீகாரத்தை அரசு புதுப்பிக்கக் கூடாது.