என் மிஷின்ல ஓடுதே!

பொட்டி தட்டுற மக்களுக்கு இந்த வசனம் மனப்பாடமா இருக்கும். டெஸ்டர் வந்து "பாஸ், உங்க கோடு ஓடல"ன்னு சொன்னா, நாம நிமிர்ந்துகூடப் பார்க்காம சொல்ற பதில்: "என் மிஷின்ல ஓடுதே!" ஓடும்யா. உன் மிஷின்ல மட்டும்தான் ஓடும்.

என் வயசுக் கிறிஸ்தவப் பசங்க பாதிப்பேர் இப்ப இந்தப் பதிலைத்தான் சொல்றாங்க. "எனக்கு விசுவாசம் இருக்கு, ஜெபம் இருக்கு, பைபிள் ஆப் இருக்கு, சபைதான் இல்ல. எனக்கும் ஆண்டவருக்கும் நேரடி லைன், நடுவுல எதுக்கு ஒரு கட்டடம்?" நானும் நாலு வருஷம் இதே டயலாக் பேசினவன்தான். அதனால கொஞ்சம் காட்டமாவே எழுதுறேன், கோச்சுக்காதீங்க. (மத்த மதத்து நண்பர்களுக்கு: இது எங்க வீட்டுச் சண்டை. திண்ணையில உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம், காப்பி உண்டு. :) )

சொந்தக் கதை முதல்ல. ஊர் சாத்தான்குளம் பக்கம். முதல் மணி அடிச்சா குளிச்சிருக்கணும், ரெண்டாம் மணிக்கு கோயில்ல இருக்கணும்னு வளர்ந்த ஆளு. இஞ்சினியரிங் முடிச்சு சென்னைக்கு வந்ததும் அந்த மணிச் சத்தம் காதுல விழல. முதல்ல மாசத்துக்கு ரெண்டு ஞாயிறுன்னு ஆச்சு, அப்புறம் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் மட்டும். 2020 மார்ச்ல ஊரடங்கு வந்து எல்லாக் கோயிலுக்கும் பூட்டு விழுந்துச்சு. ஆராதனை செல்போனுக்கு வந்துச்சு. பிறகு பூட்டைத் திறந்தாங்க, நான்தான் திரும்பிப் போகல. யூடியூப்ல நாலு போதகர்களை சப்ஸ்கிரைப் பண்ணி, ஒன்றரை மடங்கு வேகத்துல ஓடவிட்டு, தோசை சாப்பிட்டுக்கிட்டே ஆராதனை முடிச்சிருவேன். காணிக்கை நேரம் வந்தா பத்து செகண்ட் தள்ளிவிடுற வசதி வேற!

2022ல ஒரு ஞாயித்துக்கிழமை ஊர்ல எங்க ஆச்சி குளியலறையில வழுக்கி விழுந்துட்டா. இடுப்பெலும்பு முறிவு. வீட்ல தனியா இருந்தவ. கத்தக்கூட திராணி இல்ல. கோயில்ல பெண்கள் பக்கம் ஜன்னலோரம் அவ உட்கார்ற இடம் காலியா கிடந்திருக்கு. "ஆச்சி வரலையே, ஏன்?"னு பக்கத்துல உட்கார்ற அக்கா கேட்டிருக்காங்க. ஆராதனை முடியுறதுக்கு முன்னாடியே உபதேசியாரும் ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்து, கதவை உடைச்சு, ஆட்டோவுல ஏத்திக் கொண்டுபோயிட்டாங்க. எனக்கு போன் வந்தப்போ அவ ஆஸ்பத்திரிக் கட்டில்ல இருந்தா. இன்னைக்கும் வாக்கர் பிடிச்சு அதே ஜன்னலோரத்துல போய் உட்கார்றா.

மறு வருஷம் என் முறை. ஆட்குறைப்புன்னு சொல்லி வேலை போச்சு. மூணரை மாசம் வேளச்சேரி ரூம்ல கிடந்தேன். வெளியே வரல, சரியா சாப்பிடல, வீட்ல உண்மையைச் சொல்லல. அந்த மூணரை மாசத்துல, பதினாலு பதினஞ்சு ஞாயிறு இருக்கும், "இவன் எங்கடா காணோம்?"னு தேடின ஆள் ஒருத்தர் உண்டா? எப்படி இருப்பாங்க? நான் காணாமப் போகணும்னா முதல்ல எங்கேயாவது இருந்திருக்கணுமே! அந்த நாலு போதகர்களுக்கும் லட்சக்கணக்குல சப்ஸ்கிரைபர். அதுல ஒண்ணு குறைஞ்சா யாருக்குத் தெரியும்? அவங்களைக் குத்தம் சொல்லல. ஆச்சிக்கு ஒரு இடம் இருந்துச்சு, அதனால அது காலியானது தெரிஞ்சது. எனக்கு இடமே இல்ல. என் வாதம் மொத்தமும் இவ்வளவுதான். மிச்சமெல்லாம் விளக்கவுரை.

சரி, நம்மாளுங்க வழக்கமா எடுத்து விடுற அஸ்திரங்களைப் பார்ப்போம்.

"ரெண்டு மூணு பேர் கூடினாலே அவர் நடுவுல இருக்கேன்னு சொல்லியிருக்காரே, அது போதாதா?" மத்தேயு 18ஆம் அதிகாரம், 20ஆம் வசனம். ஐயா, தயவுசெஞ்சு அஞ்சு வசனம் பின்னாடி போய் வாசிங்க. சகோதரன் தப்பு பண்ணினா தனியா போய்ச் சொல்லு, கேக்கலைன்னா ரெண்டொருத்தரைக் கூட்டிட்டுப் போ, அப்பவும் கேக்கலைன்னா சபைக்குச் சொல்லுன்னு இருக்கு. சபை வேண்டாம்னு சொல்றதுக்கு நாம தூக்கிட்டு வர்ற வசனம், சபையைப் பத்தின பேச்சோட கடைசி வரி! அப்புறம், நீங்க அதுல சொல்ற ரெண்டு மூணு பேரா இருக்கீங்க? ஒரு ஆளும் ஒரு செல்போனும்தானே?

"நல்ல பிரசங்கம் யூடியூப்லதான் கிடைக்குது. எங்க ஐயர் பிரசங்கம் தூக்கம் வருது." ஒத்துக்கிறேன், எனக்கும் வரும். ஆனா அப்போஸ்தலர் 2ஆம் அதிகாரத்துல எருசலேம் சபை எதுலெல்லாம் உறுதியா இருந்துச்சுன்னு நாலு சமாச்சாரம் சொல்லியிருக்கு: உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம். இதுல முழுசா டவுன்லோடு ஆகிறது முதல் ஐட்டம் மட்டும்தான். அப்பத்தை எவனும் ஸ்ட்ரீமிங்ல பிட்டுத் தர முடியாது. பவுல் நிருபங்களை எடுத்துக்குங்க. ரோமாபுரி, கொரிந்து, பிலிப்பி, தெசலோனிக்கேன்னு பெரும்பாலும் ஊர்ச் சபைக்குத்தான் விலாசம் போட்டிருக்கார். அதுல 'ஒருவருக்கொருவர்'ங்கிற வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ணிப் பாருங்க. ஒருவருக்கொருவர் பாரம் சுமக்கணும்னா இன்னொருத்தர் வேணும்ல? வியாதிப்பட்டவன் சபை மூப்பர்களைக் கூப்பிடணும்னு யாக்கோபு சொல்றார். நீங்க யாரைக் கூப்பிடுவீங்க? சப்போர்ட் டிக்கெட் போடுவீங்களா?

"அங்க ஒரே அரசியல். எலெக்‌ஷன், கோர்ட் கேஸ், காசு." இதுல பொய் ஒண்ணுமில்ல. திருமண்டலத் தேர்தல் நேரத்துல எங்க பக்கம் வந்து பார்த்தா சட்டசபைத் தேர்தலே தேவலைன்னு தோணும். ஆனா கொரிந்து சபையிலயும் கட்சி கட்டினாங்க, ஒருத்தர் மேல ஒருத்தர் வழக்குப் போட்டாங்க, கர்த்தருடைய பந்தியிலேயே பணக்காரன் தின்னு முடிக்க, ஏழை பட்டினி கிடந்தான். பவுல் அவங்களைக் கிழி கிழின்னு கிழிச்சார். கலைச்சிட்டு வீட்ல இருங்கன்னு ஒரு வரிகூட எழுதல. கோட்ல பக் இருக்குன்னா உட்கார்ந்து சரி பண்ணணும். வெளியே நின்னு கமெண்ட் அடிக்கிறவனுக்கு என்ன உரிமை?

"சபையிலயும் சாதி இருக்கே?" இதுதான் உண்மையிலேயே சுடுற கேள்வி. இதுக்கு நக்கலா பதில் சொல்ல முடியாது. கோயில்ல சாதி இருக்கு, கல்லறையில இருக்கு, கல்யாணத்துல இருக்கவே இருக்கு. வெட்கக்கேடு. 2008 மார்ச்ல விழுப்புரம் மாவட்டத்து எறையூர்ல என்ன நடந்துச்சு? தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேணும்னு கேட்டாங்க, கலவரமாச்சு, வீடுகளைத் தாக்கினாங்க, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு பேர் செத்தாங்க. ஆனா அந்தத் தலித் மக்கள் கேட்டது என்னன்னு கவனிங்க. அவமானப்பட்டது போதும்னு வீட்ல உட்காரல. மரியாதையோட ஒரு சபை வேணும்னு கேட்டாங்க. அவங்க அடிபட்டுக் கேட்டதை, யாரும் தடுக்காத நாம ஞாயித்துக்கிழமைத் தூக்கத்துக்காக விட்டுக் கொடுக்கிறோம். அவங்க பெயரைச் சொல்லி நாம தப்பிக்கிறது ரெண்டாவது வெட்கக்கேடு.

எங்க சீமை வரலாறே இதுதான். புதுசா கிறிஸ்தவங்களானவங்களை ஊர்ல வாழவிடலைன்னதும், 1799ல தாவீது சுந்தரானந்தம் நிலம் வாங்கி, அவங்களைக் குடிவச்சு, முதல் ஊர்ங்கிறதால 'முதலூர்'னு பெயர் வச்சார். பாளையங்கோட்டையில இருந்த ரேனியஸ் 1830ல தர்ம சங்கம் ஆரம்பிச்சதும் இதே மாதிரி வீடு வாசல் இழந்தவங்களுக்கு நிலம் வாங்கத்தான். விசுவாசம்னா பக்கத்து வீடும் சேர்த்துத்தான்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஆச்சி தலைமுறை உலை வைக்கும்போது ஒரு கைப்பிடி அரிசியை காணிக்கைக்குன்னு தனியா எடுத்து வச்சது. அசனப் பண்டிகையில ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிட்டது. நமக்கு அது 'சும்மா சாப்பாடு' :( அந்த அரிசியில எழும்பின பள்ளிக்கூடத்துல படிச்சுட்டுத்தான் இன்னைக்கு 'நேரடி லைன்' பேசுறோம்.

படுக்கையில கிடக்கிறவங்க, கோயிலே இல்லாத நாட்ல வேலை பார்க்கிறவங்க, சபைக்குள்ளேயே காயப்பட்டு வெளியே வந்தவங்க, உங்களை நான் சொல்லல. செல்போன் ஆராதனை உங்களுக்கு வரம்தான். நான் சொல்றது ரெண்டு காலும் நல்லா இருந்து, ஞாயிறு பத்தரைக்கு பிரியாணி ஆர்டர் பண்றவனை. வாரம் ஒரு சபைன்னு, எங்க பாட்டு நல்லா இருக்கு, எங்க ஏசி இருக்குன்னு சுத்துறவனும் அதே கேஸ்தான். பெயரைப் பதிவு பண்ணு, சங்கக் காணிக்கை கட்டு, நாற்காலி அடுக்கு, உனக்குப் பிடிக்காத ரெண்டு பேரோட அஞ்சு வருஷம் சேர்ந்து உட்காரு. அதுக்குப் பேர்தான் சபை.

இப்ப நான் ரூம் பக்கத்துல இருக்கிற ஒரு சின்ன சபையில சேர்ந்து வருஷம் ஒண்ணாச்சு. மைக் கரகரன்னு இருக்கும், பாடகர் குழு சுதியைப் பத்தி நான் பேசல. சேர்ந்த அன்னைக்கு செயலாளர் தாத்தா ஒரு பெரிய நோட்டைத் திறந்து, "சொந்த ஊர் எது தம்பி?"ன்னு கேட்டு எழுதிக்கிட்டார். போன மாசம் ரிலீஸ் ஆணி அதிகமாகி ஒரு ஞாயிறு போகல. மதியம் போன்:

"என்ன தம்பி, ஆளைக் காணோம். உடம்புக்கு முடியலையா?"

முதல்ல எரிச்சல்தான் வந்துச்சு, இவருக்கு எதுக்கு இந்த வேலைன்னு. போனை வச்ச பிறகுதான் உறைச்சுச்சு. வேலை போய் ரூம்ல கிடந்த மூணரை மாசமும் நான் கேட்கக் காத்திருந்த கேள்வி அதுதான்.

மறுக்கணும்னு தோணுறவங்க தாராளமா வாங்க, சண்டை போடுவோம். ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் நான் கிடைக்க மாட்டேன்.