மூலப்படம் ஒன்று வேண்டும்

பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்களுக்காக நிலங்களும் ஊர்களும் கைமாறிய கம்மாபுரம் வட்டாரத்தில், ஒரு குடும்பத்தின் பூர்வீகத்துக்குச் சாட்சியாக எஞ்சுபவை கிரயப் பத்திரமும் பட்டாவும் சில பழைய புகைப்படங்களுமே; ஆதலால் அவற்றைக் கணினியில் எந்த வடிவத்தில் சேமிப்பது என்பது குடும்பஸ்தர்களும் யோசிக்க வேண்டிய விஷயமாகும்.

பத்திரத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் வெளியூர் மகனுக்கு அனுப்பியதும், பத்திரம் பத்திரமாகிவிட்டது என்று பலர் நிம்மதி அடைகிறார்கள். சாதாரணமாக அந்தப் படம் சென்று சேர்வது ஜேபெக் வடிவில். 1992-இல் நியமமான அவ்வடிவம், படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு அவசியமில்லாத நுட்பங்களைக் கழித்து, கோப்பைச் சிறிதாக்குகிறது. முகத்துக்கும் வயலுக்கும் அது உத்தமம். வெள்ளைத் தாளிலுள்ள கறுப்பெழுத்துக்கோ, விளிம்பெல்லாம் தூசி படிந்தாற்போல் ஆகிவிடுகிறது. வாட்ஸ்அப் அதை மேலும் சுருக்குவதால், சர்வே எண்ணின் உட்பிரிவு 3-ஆ 8-ஆ என்ற சந்தேகம் எழுந்தால், எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் தீராது. கழிந்த நுட்பம் பிறகு வேறு வடிவத்துக்கு மாற்றினாலும் மீளாது.

256 வர்ணங்களுக்கு மேல் கொள்ளாத ஜிஃப் வடிவத்தைச் சுற்றி எழுந்த காப்புரிமைத் தகராறின் விளைவாக 1996-இல் வெளிவந்த பிஎன்ஜி, எதையும் இழக்காமல் சுருக்குவது. பட்டாவுக்கும் புல வரைபடத்துக்கும் பொருத்தமானது. ஆவணக் காப்பகங்கள் விரும்புவது டிஃப். தமிழ்நாட்டுப் பழைய ஸ்டூடியோப் படங்களைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் சேகரிக்கத் துணைநின்ற பிரிட்டிஷ் நூலகத் திட்டமும், மூலப்பிரதி டிஃப் வடிவில் இருக்கவேண்டும் என்றே கேட்கிறது.

டிஃப் கோப்பு இடத்தை அடைக்கும் என்பதும், அரசாங்க விண்ணப்பங்கள் சில கிலோபைட்டுக்குள் ஜேபெக் படத்தையே கேட்கும் என்பதும் மெய்தான். மூலத்திலிருந்து அப்படி ஒரு சிறு பிரதி எடுத்துக்கொள்வதில் ஆட்சேபமில்லை. சிறு பிரதியே மூலமாகிவிடுவதுதான் ஆபத்து. ஆகவே ஸ்கேன் செய்து தரும் கடைகளும் இ-சேவை மையங்களும், வாடிக்கையாளர் கேளாவிடினும், பிஎன்ஜியிலோ டிஃபிலோ ஒரு பிரதியைப் பென்டிரைவில் ஏற்றித் தருவதை வழக்கமாக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்புவோரும் படமாக அன்றி டாகுமென்ட்டாக அனுப்பப் பழக வேண்டும். நிலத்தைக் கொடுத்த பிறகும் நஷ்டஈட்டு வழக்கு நெடுநாள் நீளக்கூடும். அதுவரையில் எழுத்து கலையாமல் இருக்கவேண்டுமல்லவா?