சீனி வருத்தமும் சிறுநீரகமும்: இனம் எழுதிய விதியா?

புறக்கோட்டையில் மூட்டை சுமப்போர், கடைகளில் நிற்போர் மத்தியில் எம்மவர் பலர் உள்ளனர். சீனி வருத்தம் பற்றிக் கேட்டால், "அது எங்கட ஆக்களுக்கு வாறதுதானே" என்பார்கள். சிறுநீரகம் பழுதானாலும் அதே பதில்தான். இந்தப் பேச்சில் பாதி உண்மை. மற்றப் பாதி ஆளைக் கொல்லும்.

உண்மையான பாதி இது. தெற்காசியருக்கு நீரிழிவு இளம் வயதிலேயே, அதிக உடற்பருமன் இல்லாமலே வருகிறது. பிரித்தானியாவில் வாழும் தெற்காசியர், அங்குள்ள வெள்ளையரை விடக் கூடுதலாகச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகின்றனர். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் எம் தீவின் கணக்கையும் பாருங்கள். வடக்கு கிழக்கைச் சேர்க்காது 2005-06இல் நடந்த ஆய்வில், வளர்ந்தோரில் 10.3 வீதத்தினருக்கு நீரிழிவு இருந்தது. நகரத்தில் 16.4 வீதம், கிராமத்தில் 8.7 வீதம். இரத்தம் ஒன்றாயிருக்க, வாழும் இடம் மாறியதும் தொகை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. 1990இல் வலிகாமம் வடக்கிலிருந்து எழும்பியவர்களும், அதே ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களும், 2009இல் வன்னியை இழந்தவர்களும் இந்த மாற்றத்தை உடம்பால் அறிவார்கள். தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்த உடம்பு, கொட்டாஞ்சேனை அறையிலும் வெள்ளவத்தை லொட்ஜிலும் முடங்கியது. நிவாரணமாக வந்தது அரிசி, மா, சீனி, பருப்பு. இன்று கடைப்பையனின் மதியச் சாப்பாடு இரண்டு ரோல்ஸும் சீனி தூக்கலான பிளேன்ரீயும். இதையெல்லாம் விட்டுவிட்டு இனத்தில் பழியைப் போடுவது எமக்கு வசதி. அதிகாரிகளுக்கு அதைவிட வசதி.

இனத்தை மருத்துவக் கணக்கில் நுழைத்ததால் வந்த கேட்டுக்கு அமெரிக்கா சாட்சி. அங்கு 1999இல் வந்த சூத்திரமொன்று, நோயாளி கறுப்பினத்தவர் என்றால் சிறுநீரகத் தொழிற்பாட்டைக் கூட்டிக் காட்டியது. உள்ளதை விட நல்ல நிலை என்று தெரிந்ததால், மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் பலரின் பெயர் பிந்தியது. 2021இல்தான் அந்நாட்டுச் சிறுநீரக அமைப்புகள் இதைக் கைவிடும்படி கூறின. படிவத்துக்குப் படிவம் இனம் எழுதிப் பழகிய எமக்கு இந்தக் கதை புதிதல்ல.

பதவியா, மதவாச்சிப் பக்கம் கமக்காரரை வாட்டும் சிறுநீரக நோய் வேறு. அது நீரிழிவால் வருவதல்ல. நீரிழிவால் வருவதைத் தாமதப்படுத்தும் வழிகள் தெரிந்தவை. முதலில் சிறுநீரில் அல்புமின் கசியும். நோவும் இராது, வீக்கமும் இராது. அந்த நேரத்தில் பிடித்து, சீனியையும் பிறசரையும் கட்டுப்படுத்தினால் சிறுநீரகம் பல ஆண்டு நின்றுபிடிக்கும். லொசாட்டன் என்ற சாதாரண பிறசர் குளிசை இந்தச் சேதத்தை மந்தப்படுத்துவது 2001இல் நிரூபணமாயிற்று. வைத்தியர் தந்தால் இடையில் நிறுத்தாதீர்கள். மூட்டை தூக்கிய உளைவுக்குப் பாமசியில் டைக்குளோபெனக் வாங்கி விழுங்குவதோ, சீனி குறையுமென்று காமரங்காய்ச் சாறு குடிப்பதோ வேண்டாம். இரண்டும் சிறுநீரகத்துக்குப் பகை. (காமரங்காயை மருந்தென்று தருபவர் நல்ல மனத்தோடுதான் தருகிறார், அதுதான் சங்கடம்.)

எம்மவர் சோதிக்காமல் விடுவது அறியாமையால் மட்டுமல்ல. கிளினிக் கொப்பி ஊரில், ஆள் கொழும்பில். ஒரு நாள் வரிசையில் நின்றால் ஒரு நாள் கூலி போகும். மாளிகாவத்தைச் சிறுநீரக வைத்தியசாலை புறக்கோட்டைக்குக் கிட்டத்தான். ஆனால் பலர் அங்கு போவது இரத்தம் சுத்திகரிக்கும் நிலை வந்த பிறகே. அதற்குப் பத்து ஆண்டு முன்னரே ஒரு சிறுநீர்ச் சோதனை தேவை. கடை பூட்டும் நேரத்துக்குப் பிறகும் ஞாயிற்றுக்கிழமையும், எந்த மாவட்டக் கொப்பியையும் ஏற்கும் சோதனை நிலையமொன்று புறக்கோட்டையை அண்டி வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அது வரும்வரை, சீனி வருத்தம் உள்ள ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒருமுறை வைத்தியரிடம் இரண்டு சோதனைகளைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்: சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியேற்றினின்.