கட்டாத வீட்டுக்குக் கொடுக்கும் பணம்

வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் மூட்டையைப் பிரித்துப் பாராமல் எவரும் விலை பேசுவதில்லை. அதே நாம், வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த பணத்தைச் சென்னையில் அஸ்திவாரம்கூடத் தோண்டாத அடுக்ககத்துக்கு, ஒரு வண்ணப்படத்தை நம்பிக் கொடுக்கிறோம். கேட்டால், "விற்பவர் நம்மவர், வட்டியில்லாத் தவணை" என்று பதில் வருகிறது.

வட்டி இல்லாததாலேயே ஒரு வியாபாரம் தூயதாகிவிடுமா? தம்மிடம் இல்லாததை விற்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். செய்துதரச் சொல்லி ஒப்பந்தம் செய்யும் ‘இஸ்திஸ்னா’வை மார்க்க அறிஞர்கள் அனுமதித்தது உண்மையே, ஆனால் அளவும் தரமும் விலையும் ஐயமறத் தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. அல்பகராவின் 282ஆம் வசனம் கடனை எழுதிக்கொள்ளச் சொல்கிறது. அதில் ‘நம்மவர்’ என்று எவருக்கும் விலக்கில்லை.

2014 ஜூன் 28 அன்று சென்னை மவுலிவாக்கத்தில், கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அதன் பக்கத்துக் கட்டடமும் 2016 நவம்பரில் தகர்க்கப்பட்டது. முன்பணம் கட்டியவர்களின் வீடுகள் காகிதத்திலேயே நின்றன.

அதே 2016இல் இயற்றப்பட்ட ரேரா சட்டப்படி, பதிவு செய்த ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்கும் தொகையில் 70 விழுக்காடு அத்திட்டத்துக்கென்றே தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ரேரா பதிவு எண்ணைக் கேட்பது சகோதரரை அவமதிப்பதாகும் என்கிறார்கள் நம் பெரியவர்கள். அந்த எண்ணைக் காட்டத் தயங்குபவரிடம் மகளின் நகையை விற்ற பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு அவர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள்?