சென்னையை விட கொழும்பு பக்கம்! துபாய் மட்டும் ஏன் இவ்வளவு தூரம்?

அருப்புக்கோட்டை: மதுரை ஏர்போர்ட்டில் இருந்து சென்னைக்கு வான்வழி தூரம் சுமார் 420 கி.மீ. கொழும்புக்கோ சுமார் 355 கி.மீ.தான். தலைநகரை விட பக்கத்து நாடு கிட்டே இருக்கிறது! மதுரையில் இருந்து முதல் வெளிநாட்டு விமானம் 2012 செப்டம்பரில் பறந்ததும் கொழும்புக்குத்தான்.

ஆனால் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து ஜனங்கள் பிழைப்புக்குப் போவது துபாய், சிங்கப்பூருக்கு. வானம் பார்த்த பூமி, மழை பொய்த்தால் பாஸ்போர்ட்டைத்தானே தேட வேண்டும்.

மதுரை - துபாய் சுமார் 2,950 கி.மீ. நேர் விமானம் என்றால் 4 மணி நேரத்தில் இறங்கி விடலாம். முதல் தடவை போகிறவர்கள் டிக்கெட்டைப் பார்த்து குழம்புவது இங்கேதான். பகல் 12 மணிக்கு கிளம்பினால் 2.30-க்கு துபாய் என்று போட்டிருக்கும். "அட, ரெண்டரை மணி நேரம்தானா?" என்று நினைத்து விடக்கூடாது. துபாய் கடிகாரம் நம்மை விட ஒன்றரை மணி நேரம் பின்னால். திரும்பி வரும்போது அதே பயணம் ஐந்தரை மணி நேரமாகத் தெரியும்.

வானத்து கணக்கு இவ்வளவுதான். தரையில்தான் நேரம் போகிறது.

அருப்புக்கோட்டையில் இருந்து மதுரை ஏர்போர்ட் சுமார் 40 கி.மீ. மதுரை பஸ் ஏறி, மண்டேலா நகரில் இறங்கி ஆட்டோ பிடித்தால் முடிந்தது. ஆனால் தோதான விமானம் மதுரையில் கிடைக்காதவர்கள் திருச்சிக்கோ சென்னைக்கோ ஓட வேண்டியிருக்கிறது. ராத்திரி பஸ்சில் சென்னைக்கு 9 மணி நேரம். அதற்கு மேல் 3 மணி நேரம் முன்கூட்டியே உள்ளே போக வேண்டும். 4 மணி நேர விமானத்துக்கு 12 மணி நேரம் தரையிலேயே காலி! பஸ் கட்டணம், வழியனுப்ப வரும் குடும்பத்தின் சாப்பாட்டு செலவு தனி.

இதற்கு காரணம் தூரம் இல்லை, காகிதம். வெளிநாட்டு கம்பெனி விமானம் நம் நாட்டில் எந்தெந்த ஊரில் இறங்கலாம் என்பதை இரு நாட்டு அரசுகளும் ஒப்பந்தம் போட்டு முடிவு செய்கின்றன. வளைகுடா நாடுகளுடன் போட்ட ஒப்பந்தங்களில் மதுரையை சேர்க்கவில்லை என்பது தென்மாவட்ட வணிகர்களின் பல வருட குறை. நம் நாட்டு கம்பெனிகளுக்கு அந்த தடை கிடையாது. 2013-ல் துபாய்க்கு சேவை தொடங்கியதும் நம் நாட்டு கம்பெனிதான். அவர்கள் விமானத்தை நிறுத்தினால் மறுபடி சென்னை பஸ்தான்.

இன்னொன்று ரன்வே. மதுரையில் இருப்பது 7,500 அடி. நடுத்தர விமானங்களுக்கு இது போதும், பெரிய விமானங்களுக்கு பத்தாது. 12,500 அடியாக்கும் திட்டம் நிலம் எடுப்பு, குறுக்கே போகும் ரிங் ரோடு என்று வருடக்கணக்கில் இழுத்தது. 24 மணி நேர சேவை என்ற அறிவிப்பே 2024 அக்டோபரில்தான் வந்தது.